முன்னாள் அமைச்சர் காவிரி பற்றிப் பேசுகிறார்: கேட்கப் போகுமுன் என்ன தயாரிப்பு?

#1 வடவாற்றுக்கரை

எங்கள் ஊர்க் கல்லூரியில் அடுத்த மாதம் அறக்கட்டளைச் சொற்பொழிவு. பேசுகிறவர் எண்பது வயதைத் தாண்டியவர். மாநில அமைச்சராக இருந்து, இப்போது தேர்தலும் கட்சிப் பொறுப்பும் வேண்டாமென்று ஒதுங்கிவிட்டவர். தலைப்பு காவிரி. அனுமதி இலவசம், பொதுமக்களும் வரலாம். நேரம் மாலை 5.30. 'கலந்துரையாடல் உண்டு' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்.

மேடைப்பேச்சாகக் கேட்டுக் கைதட்டிவிட்டு வர விருப்பமில்லை. காவிரிக் கோப்புகளைக் கையில் வைத்திருந்தவர் வாயிலிருந்து வருவதை உருப்படியாகப் பதிவுசெய்ய வேண்டும். என்ன படித்துவிட்டுப் போக வேண்டும்? குறிப்பெடுப்பதா, ஒலிப்பதிவா? உண்மையான பதில் வரும்படி கேள்வியை எப்படி அமைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நிகழ்ச்சிநிரல்

முதல் வேலை அழைப்பிதழில் உள்ள பெயர்களை எண்ணுவது. பேச்சு எப்போது தொடங்கும், கேள்விக்கு நேரம் மிஞ்சுமா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

5.30 என்றால் 5.45க்குத் தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடி. வரவேற்புரை 10 நிமிடம், அறிமுகவுரை 5. வாழ்த்துரை ஆளுக்கு 5 நிமிடம் என்று திட்டமிடுவார்கள், 8 ஆகும். நாலு வாழ்த்துரை என்றால் 32 நிமிடம். பொன்னாடை, நினைவுப் பரிசு, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2 நிமிடம். மேடையில் ஆறு பேர் என்றால் 12. ஆகச் சிறப்புரை தொடங்கும்போது மணி 6.45. பெரியவர் 50 நிமிடம் பேசினால் 7.35. கடைசிப் பேருந்துக்காக 7.40க்கே பின்வரிசை காலியாகத் தொடங்கும். அப்போது முதலில் வெட்டுப்படுவது கலந்துரையாடல்தான்.

அதனால் மூன்று நாள் முன்பே அழைப்பிதழின் அடியில் பெயர் போட்டிருக்கும் துறைத்தலைவரையோ செயலரையோ கூப்பிட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். கேள்வி சீட்டிலா, மைக்கிலா? நன்றியுரைக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால், 'முன்னால் வைக்க முடியுமா' என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். நன்றியுரை என்ற சொல் காதில் விழுந்ததுமே பாதி அரங்கு எழுந்துவிடும். நாட்டுப்பண் முடிந்த பிறகு யாரையும் உட்கார வைக்க முடியாது.

#3 அவைக்குறிப்பு

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். காவிரி பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படிக்க வேண்டாம். ஒரே ஒரு தாளில் காலவரிசை எழுதுங்கள். குறைந்தது இவை இருக்கட்டும்:

1924 பிப்ரவரி 18: சென்னை, மைசூர் அரசுகளின் ஒப்பந்தம்
1971: தமிழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. 1972: வழக்கு திரும்பப் பெறப்பட்டது
1983: தஞ்சை விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் மனு
1986 ஜூலை: நீர்ப் பங்கீட்டைத் தீர்க்க நடுவர் மன்றம் கேட்டு மாநில அரசு மத்திய அரசுக்குக் கோரிக்கை
1990 மே 4: மன்றம் அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு. ஜூன் 2: மன்றம் அமைந்தது
1991 ஜூன் 25: இடைக்கால ஆணை, கர்நாடகம் ஆண்டுக்குத் தர வேண்டியது 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி)
2007 பிப்ரவரி 5: இறுதித் தீர்ப்பு. 2013 பிப்ரவரி 19: அரசிதழில் வெளியீடு
2018 பிப்ரவரி 16: உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஜூன் 1: மேலாண்மை ஆணைய அறிவிக்கை

இதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, பேசுகிறவர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அமைச்சர், எந்தத் துறை, அதற்கு முன்னும் பின்னும் சட்டமன்ற உறுப்பினரா, கட்சிப் பொறுப்பில் மட்டும் இருந்தாரா என்று எழுதுங்கள். எந்தெந்த வரிக்கு நேரே அவர் நாற்காலியில் இருந்தார் என்று பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்குள் வருவது அவர் கண்டது. வெளியே இருப்பது அவர் கேள்விப்பட்டது, அல்லது கட்சி சொல்லிக்கொடுத்தது. மூன்றையும் அவர் ஒரே குரலில்தான் சொல்வார். பிரித்துக் கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

#4 குறிப்பேடு

மேலே அவைக்குறிப்பு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கேட்கும்போது வினைச்சொல்லின் முடிவைப் பிடியுங்கள். தமிழில் அது நிறையக் காட்டிக்கொடுக்கும்.

'நான் சொன்னேன்' என்றால் பொறுப்பேற்கிறார், நேரில் இருந்தார். 'நாங்கள் முடிவெடுத்தோம்' என்றால் யார் அந்த நாங்கள்? அமைச்சரவையா, டெல்லிக்குப் போன குழுவா, கட்சியின் செயற்குழுவா? 'நாம் விட்டுக்கொடுத்தோம்' என்றால் கேட்பவரையும் உள்ளே இழுத்துவிட்டார், யார் விட்டுக்கொடுத்தது என்பது கரைந்துபோயிற்று. 'முடிவு எடுக்கப்பட்டது' என்றால் எடுத்தவர் பெயரைச் சொல்ல மனமில்லை. ஒரே சம்பவத்தைச் சொல்லும்போது 'நான்' என்று தொடங்கி 'எடுக்கப்பட்டது' என்று முடித்தால், அந்தத் திருப்பம் நடந்த இடத்தில் ஓரத்தில் நட்சத்திரக் குறி போடுங்கள். கேள்வி பிறக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

இதே மாதிரி ஆட்பெயர்கள். 'தலைவர்', 'பெரியவர்', 'டெல்லி', 'கோட்டை' என்று வரும். 'டெல்லி ஒப்புக்கொண்டது' என்றால் பிரதமர் அலுவலகமா, நீர்ப்பாசனத் துறையா, சட்டத் துறையா? காதில் விழுந்த சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் கேள்விக்குறியோடு உங்கள் ஊகத்தை எழுதுங்கள். ஊகத்தை மட்டும் எழுதிவிட்டால், மறுநாள் அதுவே அவர் சொன்னதாக நினைவில் நின்றுவிடும்.

தாளை நீளவாக்கில் மூன்றாகப் பிரியுங்கள். இடப்பக்கம் நேரம் (கைக்கடிகார நேரம் போதும், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று). நடுவில் அவர் சொன்னது. வலப்பக்கம் சரிபார்க்க வேண்டியது. ஐம்பது நிமிடப் பேச்சுக்கு நான்கு பக்கம் தாராளம். அதற்கு மேல் எழுதினால் எழுதுகிறீர்களே தவிரக் கேட்கவில்லை.

#5 ஒலிப்பெட்டி

ஒலிப்பதிவு பற்றி. குறிப்பு, பதிவு இரண்டும் வேண்டும். பதிவு மட்டும் போதுமென்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். நேரம் போட்ட குறிப்பு இருந்தால் தேவையான இடத்துக்கு நேராகப் போகலாம்.

முதல் இரண்டு மூன்று வரிசை பிரமுகர்களுக்கு. நாலாவது முதல் ஏழாவது வரிசைக்குள், நடைபாதை ஓரம் உட்காருங்கள். கேள்வி மைக் வந்தால் உங்களிடம் சீக்கிரம் வரும். மாடத்துக்கு அடியில் உள்ள பின்வரிசை வேண்டாம், அங்கே மெய்யெழுத்தெல்லாம் மழுங்கிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம். காதுக்கு உறைக்காது, பதிவில் இரைச்சல் முழுவதும் ஏறியிருக்கும்.

செல்பேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் பல கருவிகளில் பதிவு நின்றுவிடும். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 58 எம்பி, பேச்சுக்கு இது போதும். மைக் துளை பெரும்பாலான பேசிகளில் அடிப்பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் ஒலிபெருக்கியைப் பார்க்கட்டும். நாற்காலியின் மரக்கையில் நேரடியாக வைக்காமல் கைக்குட்டையை மடித்து அதன்மேல் வையுங்கள், பக்கத்து இருக்கைக்காரர் கால் ஆட்டுவது பதிவாகாது. வரவேற்புரையில் 30 வினாடி பதிந்து, இயர்போனில் கேட்டுப் பாருங்கள். வாழ்த்துரைகள் ஓடும்போதே இடம் மாற நேரம் இருக்கும்.

வயதானவர்கள் பேசும்போது ஒரு சிக்கல் உண்டு. வாக்கியத்தின் கடைசியில் குரல் இறங்கும். தமிழில் வினைமுற்று அங்கேதான் இருக்கிறது. 'ஒப்புக்கொண்டோம்' என்றாரா, 'ஒப்புக்கொள்ளவில்லை' என்றாரா என்பதே கேட்காமல் போகும். அந்த மாதிரி இடத்தில் உடனே நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

#6 கீழப்பாளையம்

பதிந்ததை முழுசா யூடியூபில் போட்டா என்ன? எல்லாருக்கும் பயன்படுமே. பொது இடத்துல பேசினதுதானே?

#7 பிரிவும்_உட்பிரிவும்

பொது இடத்தில் பேசினாலும் பேச்சு பேசியவருடையது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு, பொதுவில் ஆற்றிய உரையின் முதல் உரிமையாளர் உரையாற்றியவரே என்கிறது. அதே சட்டம் 'நிகழ்த்துபவர்' என்ற சொல்லுக்குள் சொற்பொழிவு ஆற்றுபவரையும் சேர்க்கிறது. ஆகவே முழுப் பதிவை ஏற்ற அவருடைய அனுமதி வேண்டும். அமைப்பாளர் தலையசைத்தால் மட்டும் போதாது.

அதற்காக வாயடைத்துப் போக வேண்டியதில்லை. 52ஆம் பிரிவு, நடப்புச் செய்தியை அறிவிக்கும் முறையில் பொதுச் சொற்பொழிவைப் பற்றி எழுத நியாயமான அளவில் இடம் தருகிறது. என்ன பேசினார் என்று உங்கள் சொல்லில் எழுதி, தேவையான இடத்தில் அவருடைய வாக்கியங்களை மேற்கோளாகத் தரலாம். சொந்தக் குறிப்புக்காகப் பதிவதானாலும் மேடையிலோ நுழைவிலோ 'பதிவு கூடாது' என்று சொல்லிவிட்டால் மதித்து நடங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. சட்டமன்றத்துக்குள் உறுப்பினர் பேசியதற்கு அரசியலமைப்பின் 194ஆவது உறுப்பு காப்பு தருகிறது, நாடாளுமன்றத்துக்கு 105. அரங்கு மேடையில் அந்தக் காப்பு யாருக்கும் கிடையாது. அவர் இன்னொருவரைப் பற்றி ஆதாரமில்லாமல் ஏதாவது சொல்லி, அதை நீங்கள் எழுதிப் பரப்பினால் அவதூறு உங்கள் தலையிலும் விழும். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356. நீங்கள் கேட்கும் கேள்விக்கும் இது பொருந்தும். 'இன்னார் பணம் வாங்கினாரே' என்று மைக்கில் கேட்காதீர்கள்.

#8 கீழப்பாளையம்

நன்றி சார். அப்போ எழுதிப் போடறதே நல்லது. கேள்விக்கு ஒரு யோசனை: தமிழ்நாட்டோட பங்கே 177.25 டிஎம்சியா சுருங்கிப் போச்சே, அதுக்கு யார் பொறுப்புன்னு கேட்கலாமே?

#9 அவைக்குறிப்பு

கீழப்பாளையம் நண்பரே, இந்தக் கேள்வியோடு போனால் முதல் வரியிலேயே அவர் உங்களைத் திருத்திவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார். 177.25 என்பது தமிழ்நாட்டின் பங்கு அல்ல. கர்நாடகம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய அளவு.

நடுவர் மன்றம் 2007இல் படுகையின் மொத்த நீரை 740 டிஎம்சி என்று கொண்டது. தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வது 4. கூட்டினால் 740 வரும். தமிழகத்தின் 419இல் பெரும்பகுதி நம் எல்லைக்குள் பெய்து ஓடிவருவது. பிலிகுண்டுலு வழியாக வர வேண்டியது 192. உச்ச நீதிமன்றம் 2018இல் 14.75 டிஎம்சியைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. தமிழகத்தின் நிலத்தடி நீரைக் காரணம் காட்டி 10, பெங்களூரின் குடிநீருக்காக 4.75. எனவே 419 ஆனது 404.25, 192 ஆனது 177.25.

1991இன் 205ஐயும் 2007இன் 192ஐயும் நேராக ஒப்பிட்டு '13 போயிற்று' என்று மேடையில் சொல்வார்கள். அந்த 205 மேட்டூரில் அளந்தது, இந்த 192 எல்லையில் அளப்பது. அளக்கும் இடம் மாறினால் எண்ணும் வேறு கதை சொல்லும். பேச்சில் எந்த எண் வந்தாலும் குறிப்பில் பக்கத்திலேயே 'எங்கே அளந்தது?' என்று எழுதிவிடுங்கள்.

#10 மதகு

கன அடிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், மேடையில் அது வராமல் இருக்காது. 'பேசிப் பேசி பத்தாயிரம் கன அடி வாங்கிக்கொடுத்தோம்' என்பார்கள். இங்கே கன அடி என்றால் வினாடிக்கு இத்தனை கன அடி என்ற ஓட்டம். எத்தனை நாள் என்று சொல்லாவிட்டால் அதில் அளவே இல்லை. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஆக 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. பத்தாயிரம் கன அடி 15 நாள் ஓடினால் 12.96 டிஎம்சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47. இந்த மூன்று எண்ணையும் தாளின் மூலையில் எழுதிக்கொண்டு போனால் உட்கார்ந்த இடத்திலேயே எடை போடலாம்.

'எத்தனை நாளைக்கு ஐயா?' என்பது மூன்றே சொல். மிக நல்ல கேள்வி.

#11 பிரிவும்_உட்பிரிவும்

கேள்வி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமைச்சரவைக்குள் நடந்ததைக் கேட்டால் 'அதைச் சொல்லக்கூடாது' என்பார். ஒளிக்கிறார் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பதவியேற்கும்போது அமைச்சர்கள் எடுப்பது இரண்டு பிரமாணம். இரண்டாவது இரகசியக் காப்புப் பிரமாணம், அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணையில் இருக்கிறது. அமைச்சர் என்ற முறையில் தெரியவந்த எதையும், கடமையை நிறைவேற்றத் தேவைப்பட்டாலன்றி, நேரடியாகவோ மறைமுகமாகவோ யாருக்கும் வெளியிட மாட்டேன் என்பது அதன் சாரம். பதவி போனதும் தீர்ந்தது என்று அதில் எந்த வரியும் இல்லை.

ஆனால் அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாத இடங்களும் உண்டு. சட்டமன்றத்தில் அவரே சொன்னது, அரசாணையாக வந்தது, நீதிமன்றத்தில் அரசு தாக்கல் செய்த மனு, கொள்கை விளக்கக் குறிப்பில் அச்சானது, இவை எல்லாமே வெளியில் இருப்பவை. அவற்றை வைத்துக் கேட்டால் இரகசியம் என்ற பதில் எடுபடாது. 'அமைச்சரவையில் யார் எதிர்த்தார்கள்?' என்று கேட்காதீர்கள். 'இந்தத் தேதியில் பேரவையில் இப்படிச் சொன்னீர்கள், ஆறு மாதம் கழித்து வந்த அரசாணை வேறாக இருக்கிறது. இடையில் எது மாறியது?' என்று கேளுங்கள்.

அமைச்சரவை முடிவுக்கான காரணங்களும் ஆதாரங்களும் முடிவெடுத்து விஷயம் முடிந்தபின் வெளியிடப்பட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1) பிரிவிலேயே இருக்கிறது. அவர் சொல்லாததை மனு போட்டுக் கேட்கலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

#12 நிகழ்ச்சிநிரல்

இப்படிக் குறுக்கு விசாரணை மாதிரிக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. எண்பது வயதைத் தாண்டியவர், நம் அழைப்பை ஏற்று வந்திருக்கிறார். மடக்க வேண்டும் என்று கேட்டால் முகம் இறுகிவிடும், அரங்கும் அவர் பக்கம் சாய்ந்துவிடும். அதன்பின் வருகிற எல்லாப் பதிலும் மேடைப்பேச்சாகவே இருக்கும். அவருக்குப் பிடித்த இடத்திலிருந்து தொடங்கவிடுங்கள்.

#13 குறிப்பேடு

மரியாதையும் கூர்மையும் ஒரே வாக்கியத்தில் இருக்கலாம். மடக்குவதற்கும் குறிப்பாகக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. 'ஏன் தமிழகம் தொடர்ந்து தோற்கிறது?' என்பது பார்க்க மென்மையான கேள்வி, ஆனால் அதற்குப் பதில் பொதுவாகத்தான் வரும். 'ஐயா, அந்தப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கையில் எந்தப் புள்ளிவிவரம் இருந்தது, யார் தயாரித்தது?' என்பதில் சீண்டல் இல்லை. ஆனால் அதற்கு நினைவிலிருந்து எடுத்துத்தான் பதில் சொல்ல முடியும். பொறியாளர் ஒருவரின் வேலையைச் சொல்வார், வரைபடத்தைச் சொல்வார், மேசையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்வார். நமக்கு வேண்டியது அதுதானே.

கேள்விக்கு 40 வினாடி. வீட்டில் உரக்கப் படித்து நேரம் பாருங்கள். 'ஐயா வணக்கம்', பெயர், ஊர் சொல்ல 5 வினாடி. தேதியும் நிகழ்ச்சியும் 15. கேள்வி 10. மீதி மைக் கைமாற. பாராட்டுரை வேண்டாம், அதற்கு வாழ்த்துரையாளர்கள் இருக்கிறார்கள். ஒரே கேள்விதான். இரண்டைச் சேர்த்துக் கேட்டால் சுலபமானதற்கு மட்டும் பதில் வரும், மற்றது காற்றோடு போகும்.

#14 ஒலிப்பெட்டி

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் நழுவுகிறார் என்று நினைப்போம். பல சமயம் அவருக்குக் கேள்வியே கேட்டிருக்காது. அரங்கின் ஒலிபெருக்கிகள் பார்வையாளரை நோக்கி இருக்கின்றன. மேடையில் உட்கார்ந்தவர் அவற்றின் முதுகுப் பக்கம் இருக்கிறார். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலிதான் அவர் காதுக்குப் போகும், அதிலும் வயதின் காரணமாகச் செவி மந்தம் இருந்தால் இரண்டு சொல்தான் பிடிபடும். அந்த இரண்டு சொல்லுக்கு அவர் பதில் சொல்கிறார்.

அமைப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து மேடைக்குத் தனியாக ஒரு மானிட்டர் ஒலிபெருக்கி வைத்து, பேச்சாளர் நாற்காலியைப் பார்த்துத் திருப்பி, கேள்வி மைக்கின் ஒலியை மட்டும் அதில் கொடுங்கள். அவர் மைக்கையும் அதிலேயே கொடுத்தால் ஊளையிடும். மானிட்டர் இல்லையென்றால் தலைவர் கேள்வியை அவர் பக்கத்தில் குனிந்து, சொல் மாற்றாமல் திரும்பச் சொல்ல வேண்டும். நின்று பேசவைக்காதீர்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, மார்புயரத்தில் மேசை, கழுத்து வளையும் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம். காலர் மைக் மாட்டினால் தலையைத் திருப்பும்போது குரல் போய்விடும்.

கேட்பவர்களுக்கு: மெதுவாக, தேதியை முதலில் சொல்லி, கேள்விச் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் அழுத்திச் சொல்லுங்கள்.

#15 நிகழ்ச்சிநிரல்

ஒலிப்பெட்டி சொன்னது முக்கியம். சீட்டு முறைக்கும் இதனால்தான் நான் ஆதரவு, அவர் கையில் வாங்கிப் படித்துக்கொள்ளலாம். ஆனால் சீட்டில் ஆபத்து உண்டு. மேடையில் இருப்பவர் அவசரத்தில் 'ஒரே மாதிரியான கேள்விகள்' என்று நாலைச் சேர்த்து ஒன்றாக்குவார், உங்கள் தேதி கழன்றுவிடும். அதைத் தவிர்க்க, பெரிய எழுத்தில், மூன்று வரிக்குள், தேதியை முதல் வரியில் எழுதுங்கள். சீட்டின் அடியில் பெயரும் இருக்கை வரிசையும் போடுங்கள். சிறப்புரை முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே சேர்த்துவிடுங்கள்.

#16 வடவாற்றுக்கரை

எல்லோருக்கும் நன்றி. துறைத்தலைவரிடம் பேசிவிட்டேன். சீட்டு முறைதான், நன்றியுரைக்கு முன் 20 நிமிடம் ஒதுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். மானிட்டர் விஷயத்தையும் சொல்லியிருக்கிறேன்.

கேள்வியை இப்படி எழுதியிருக்கிறேன்: '1924 ஒப்பந்தம் 50 ஆண்டில் காலாவதியாகும் என்று தெரிந்தும் 1972இல் வழக்கை ஏன் திரும்பப் பெற்றோம்? இதனால் ஏற்பட்ட இழப்புக்கு யார் பொறுப்பு?' சரியாக இருக்கிறதா?

#17 அவைக்குறிப்பு

மூன்று இடத்தில் உடையும். ஒன்று, ஒப்பந்தத்தின் வாசகம். 50 ஆண்டு முடிந்ததும் சில வரம்புகளும் ஏற்பாடுகளும் மறுபரிசீலனைக்கு உரியவை என்றுதான் அதில் இருக்கிறது. ஒப்பந்தமே 1974இல் முடிந்துவிட்டது என்பது கர்நாடகத்தின் நிலை, இல்லை என்பது தமிழகத்தின் நிலை. 50 ஆண்டோடு முடிந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018இல். 1972இல் 'காலாவதியாகும் என்று தெரிந்தும்' என்று நீங்கள் எழுதினால் எதிர்த்தரப்பு வாதத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறீர்கள்.

இரண்டு, 1972இல் அவர் அமைச்சரா? நீங்கள் போட்ட பென்சில் கோட்டைப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே இருந்தால் கட்சியின் பதில்தான் வரும். மூன்று, 'யார் பொறுப்பு' என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு மட்டும் இருபது நிமிடம் போய்விடும்.

#18 வடவாற்றுக்கரை

புரிகிறது. அவர் அமைச்சராக இருந்தது 1989க்குப் பிறகுதான். மன்றம் அமைந்த 1990 கோட்டுக்குள் வருகிறது.

#19 குறிப்பேடு

அப்படியென்றால் அதையே எடுங்கள். 'ஐயா, 1990 ஜூன் 2 அன்று நடுவர் மன்றம் அமைந்தது. மன்றத்தின் முன் தமிழகத்தின் கணக்கை வைக்க அரசு முதலில் எந்த ஆவணங்களைத் தேடியது, அவற்றில் எது கிடைக்கவில்லை?' பன்னிரண்டு வினாடியில் சொல்லிவிடலாம். 'எது கிடைக்கவில்லை' என்பதற்கு ஆயத்தமான மேடைப் பதில் எதுவும் இருக்காது.

#20 அவைக்குறிப்பு

நல்ல கேள்வி. அதிலிருந்து 'ஐயா'வை எடுத்துவிடாதீர்கள்.

திரும்பி வந்ததும் அன்றிரவே வலப்பக்கப் பத்தியை நிரப்புங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் பாதி மறந்துவிடும். சரிபார்க்க: 1952 முதல் மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற மின்னூலகத்திலும், மாநிலங்களவை விவாதங்கள் அந்த அவையின் இணையதளத்திலும் இருக்கின்றன. தேதியும் உறுப்பினர் பெயரும் போட்டுத் தேடலாம். தமிழில் பேசியது அங்கே ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும், நட்சத்திரக் குறி போட்டு அடியில் குறித்திருப்பார்கள். ஆகவே அவர் 'நான் அவையில் சொன்ன வார்த்தை இது' என்றால் சொல்லுக்குச் சொல் அங்கே தேடாதீர்கள், கருத்தைத் தேடுங்கள். மாநிலப் பேரவை நடவடிக்கைகளில் பேசிய தமிழே இருக்கும். 'அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது' என்று இருந்தால் அவர் நினைவு சரியாகவும் இருக்கலாம், அச்சில் இல்லாமலும் போகலாம். ஆட்சி கலைக்கப்பட்ட காலத்தில் பேரவையே கிடையாது. 1976 ஜனவரி 31 முதல் 1977 ஜூன் வரை, 1980 பிப்ரவரி 17 முதல் ஜூன் வரை, 1988 ஜனவரி 30 முதல் 1989 ஜனவரி வரை, பிறகு 1991 ஜனவரி 30 முதல் ஜூன் வரை. அந்த மாதங்களின் தமிழக விஷயத்துக்கு நாடாளுமன்றக் குறிப்பையே பார்க்க வேண்டும். இடைக்கால ஆணை வந்த 1991 ஜூன் 25 அன்று புதிய அரசு பதவியேற்று ஒரே நாள்தான் ஆகியிருந்தது. 'ஆணை வந்ததும் நாங்கள் பேரவையில் எழுப்பினோம்' என்று அவர் சொன்னால் அந்த 'நாங்கள்' யார் என்று பாருங்கள்.

பழைய நாளிதழ்களுக்குச் சென்னை கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அரசுக் கோப்புக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்.

#21 கீழப்பாளையம்

அவர் சொன்னது தப்புன்னு தெரிஞ்சா என்ன செய்யறது? எழுதிப் போட்டா அவமரியாதை ஆயிடாதா?

#22 குறிப்பேடு

தேதி பிசகுவது வயதில் இயல்பு, அதைப் பெரிதாக்க வேண்டாம். இரண்டு கூட்டங்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதும் அப்படித்தான். 'அவர் 1991 என்றார், பேரவைக் குறிப்பில் 1990 என்று இருக்கிறது' என்று அடைப்புக்குறியில் போட்டுவிட்டுப் போகலாம். முடிவையே மாற்றிச் சொல்லியிருந்தால் வேறு. முதலில் அவருக்கே கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம், ஒரே விஷயம், குறிப்பின் நகல், தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை. கல்லூரி மூலம் சேர்ப்பித்துவிடலாம். மூன்று வாரம் பொறுத்து, பதில் வந்தால் அதையும் சேர்த்து வெளியிடுங்கள். பதில் கடிதத்தின் தேதியைப் போட மறக்காதீர்கள்.

வாசலில் கார் ஏறும்போது மட்டும் எதையும் கேட்காதீர்கள். அங்கே செல்ஃபி எடுக்க இருபது பேர் நிற்பார்கள். அவர் களைத்திருப்பார், சொல்வதை எழுதவும் முடியாது.

#23 வடவாற்றுக்கரை

1990 கேள்வியைச் சீட்டில் எழுதிப் பார்த்தேன், மூன்று வரிக்குள் அடங்குகிறது. காலவரிசைத் தாளில் 2007க்கு நேரே '419, எல்லையில் 192', 2018க்கு நேரே '404.25, எல்லையில் 177.25' என்றும், மூலையில் 11,574, 86,400, 93.47 என்றும் எழுதிவிட்டேன். பேச்சு முடிந்ததும் மூன்று பத்திக் குறிப்பை இதே இழையில் தட்டச்சு செய்து போடுகிறேன். வலப்பக்கப் பத்தியில் விடுபடுவதை அவைக்குறிப்பு அண்ணன் பார்த்துத் தர வேண்டும்.

#24 அவைக்குறிப்பு

போடுங்கள், பார்க்கிறேன். அவர் சொன்னதையும் உங்கள் ஊகத்தையும் வேறு வேறு மையில் எழுதுங்கள். தட்டச்சிலும் அந்தப் பிரிவு தெரியட்டும்.